புள்ளிக் குதிரை: நிறமா, இனமா?

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் போனால் ஆவுடையார்கோயில் வரும். பழைய பெயர் திருப்பெருந்துறை. குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்ட ஊர் இதுதான் என்பது ஐதிகம். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேரும் என்று அரசனுக்குச் சொல்லியாகிவிட்டது. குதிரைதான் இல்லை. சிவபெருமான் காட்டு நரிகளைப் பரிகளாக்கி, தாமே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வந்தார். அரசன் பார்த்தான், மகிழ்ந்தான், கயிறு மாற்றிக் குதிரைகளை ஏற்றுக்கொண்டான். அன்று இரவே பரிகளெல்லாம் நரிகளாக மாறி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கேட்டால், கால்நடை வாங்குகிற எவருக்கும் அடிவயிற்றில் இருக்கும் பயம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒன்றாகவும் வம்சத்தில் இருப்பது வேறாகவும் போய்விடலாம். இந்த அத்தியாயத்தின் கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட குதிரை தனி இனமா, அல்லது எந்த இனத்துக் குதிரைக்கும் வரக்கூடிய வெறும் நிறமா?

கப்பலில் வந்த குதிரைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த நாட்டில் குதிரை வளர்வதில்லை என்றும், அரசனுடைய செல்வத்தில் பெரும்பங்கு குதிரை வாங்கவே போகிறது என்றும் எழுதி வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தவரான பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை இந்தக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அரசனே பணம் கொடுத்தானாம். குதிரை வணிகம் இங்கே அவ்வளவு பெரிய தொழில். கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்றே ஒரு வணிகக் கூட்டம் வருகிறது.

கப்பலிலிருந்து இறங்கிய குதிரையின் தாய் எது, தகப்பன் எது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. அவரால் பார்க்க முடிந்தது நிறம், சுழி, பல், குளம்பு, நடை. ஆகவே நம் மரபில் குதிரையைப் பற்றிய பேச்செல்லாம் நிறத்தையும் சுழியையும் சுற்றியே வளர்ந்தது. அசுவ சாத்திரங்கள் குதிரைகளை நிறம் நிறமாகப் பிரித்துப் பெயர் சூட்டின. எந்தச் சுழி எங்கே இருந்தால் வீட்டுக்கு ஆகும், எங்கே இருந்தால் ஆகாது என்று பட்டியல் போட்டன. மாட்டுச் சந்தைகளில் இன்றைக்கும் சுழி பார்க்காமல் கையைத் துண்டுக்குள் விடாதவர்கள் இருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நிறம் வாங்குபவரின் கண்ணுக்கு உரியது. இனம் விற்பவரின் கணக்குக்கு உரியது. அந்தக் கணக்கை எழுதி வைத்து, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று ஆக்கிய பிறகுதான், இன்று நாம் சொல்லும் பொருளில் 'இனம்' என்பது உருவானது. ஆங்கிலேயர்கள் பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவேட்டை 1791இல் அச்சிட்டார்கள். தரோப்ரெட் எனப்படும் பந்தயக் குதிரை கறுப்பாக இருக்கலாம், செம்பட்டையாக இருக்கலாம், சாம்பலாகவும் இருக்கலாம். தாயும் தகப்பனும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்களா என்பது ஒன்றுதான் கேள்வி.

குதிரையைக் காண்பதே அரிதான உள்நாட்டில் நிலைமை இன்னும் தெளிவு. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வரும் சாலையில் நமணசமுத்திரத்து அய்யனார் கோயிலில் நூற்றுக்கணக்கான மண்குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடக்கிறது. வேளார் வனைந்த புரவிக்குச் சுண்ணாம்பு வெள்ளை பூசி, சேணமும் சலங்கையும் வண்ணத்தில் எழுதி, பொட்டும் வைத்தால் அது அய்யனார் ஏறும் குதிரை. அங்கே வம்சம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. தோற்றம்தான் குதிரை.

புள்ளி எப்படி விழுகிறது

உயிருள்ள குதிரைக்குப் போவோம். 'புள்ளிக் குதிரை' என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதில் குறைந்தது இரண்டு வகை இருக்கிறது. வெள்ளையும் கறுப்புமாக, அல்லது வெள்ளையும் செம்பட்டையுமாகப் பெரிய பெரிய திட்டுகள் விழுந்தது ஒரு வகை. வட இந்தியக் குதிரைக்காரர்கள் அதை அப்லக் என்பார்கள். வெள்ளை உடம்பில் கட்டைவிரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை சிறுத்தைப் புள்ளி போலக் கரும்பொட்டுகள் சிதறியது இன்னொரு வகை. பார்வைக்கு அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும் மரபணு அளவில் இரண்டுக்கும் உறவு கிடையாது.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்கள், கரு உருவாகும்போது முதுகுத்தண்டு உண்டாகும் இடத்தருகே பிறக்கின்றன. அங்கிருந்து உடம்பின் எல்லாப் பக்கமும் நகர்ந்து போய்த் தோலில் குடியேறுகின்றன. கண்மாய்த் தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் போவதுபோல, இந்தச் செல்கள் பெருகுவதிலோ நகர்வதிலோ குறை வந்தால் தொலைவான இடங்கள் வெள்ளையாகவே நின்றுவிடும். நெற்றி, குளம்புக்கு மேல் உள்ள கால், வயிறு, வால் நுனி ஆகியவை பல விலங்குகளில் வெள்ளையாக இருப்பது இதனால்தான். மாடு, நாய், பூனை எல்லாவற்றிலும் இதே கதை.

திட்டுப் போட்ட குதிரைகளில் பரவலாகக் காணும் டோபியானோ வகைக்குக் காரணம் 2007இல் பிடிபட்டது. கிட் என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் குரோமோசோமின் ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரபணு கெடவில்லை, அதை இயக்கும் ஏற்பாடு இடம் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

சிறுத்தைப் புள்ளியின் கதை இதைவிடச் சுவையானது. டி.ஆர்.பி.எம்.1 என்ற மரபணுவுக்குள் எப்போதோ ஒரு பழைய வைரஸின் எச்சம், 1,378 எழுத்து நீளம், போய் நுழைந்துகொண்டது. குதிரையின் முழு மரபுத்தொகுதி ஏறக்குறைய 270 கோடி எழுத்துகள் கொண்டது; அதில் இந்தத் துணுக்கு ஒரு தூசி. ஆனால் அது நுழைந்த இடத்தில் மரபணுவின் வேலை தடைபடுகிறது. 2013இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. இந்த மாறிய வடிவத்தை 'எல்.பி.' என்று குறிப்பார்கள். எவ்வளவு வெள்ளை விழ வேண்டும் என்பதை வேறு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் முக்கியமானது பேட்டர்ன்-1.

இனி கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒரு படி, தகப்பனிடமிருந்து ஒரு படி என்று இரண்டு படிகளாக வருகிறது. பேட்டர்ன்-1 உடைய குதிரைக்கு எல்.பி. ஒரு படி மட்டும் இருந்தால், எல்லோரும் ஆசைப்படும் சிறுத்தைப் புள்ளி உடம்பெல்லாம் விழும். இரண்டு படியும் எல்.பி. ஆகிவிட்டால் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்து உடம்பு ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். புள்ளிக்கான மரபணுவைக் கலப்பில்லாமல் சுமக்கும் குதிரைக்குப் புள்ளியே அரிது!

அப்படியானால் நன்றாகப் புள்ளி விழுந்த ஆண் குதிரையையும் நன்றாகப் புள்ளி விழுந்த பெண் குதிரையையும் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டிடமும் எல்.பி. ஒரு படி, சாதாரணப் படி ஒன்று. நான்கு குட்டிக்குச் சராசரியாக ஒன்று புள்ளியே இல்லாமல் பிறக்கும். ஒன்று ஏறக்குறைய வெள்ளையாகப் பிறக்கும். இரண்டுதான் அப்பா அம்மாவைப் போலப் புள்ளியோடு வரும். பேட்டர்ன்-1 கிடைக்காத குட்டிகளையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கலையும். எத்தனை தலைமுறை புள்ளியோடு புள்ளியைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு விடாது.

'இனம்' என்றால் தன்னைப் போலவே குட்டி போட வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. சிறுத்தைப் புள்ளியால் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியாது. புள்ளியை மட்டும் வரையறையாக வைத்து ஓர் இனத்தைக் கட்டினால், ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த இனத்துக் குட்டிகளில் ஒரு பங்கை 'நீ எங்கள் இனமில்லை' என்று வெளியே தள்ள வேண்டியிருக்கும். இதோடு சாம்பல் நிற மரபணு சேர்ந்துவிட்டால் வேடிக்கை கூடும். புள்ளியோடு பிறந்த குட்டி வளர வளர நரைத்து, சில வருடங்களில் முழு வெள்ளையாகிவிடும். பிறந்தபோது ஓர் இனம், வளர்ந்தபின் வேறு இனம் என்றா எழுதுவது?

இனங்களுக்கு மூத்த புள்ளி

பிரான்ஸ் நாட்டில் பெஷ் மெர்ல் என்ற குகை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய இரண்டு குதிரைகள் அதன் சுவரில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் குதிரையின் கோட்டுக்குள் அடங்காமல் வெளியேயும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் பல ஆய்வாளர்கள், அது கண்ட குதிரை அல்ல, ஏதோ சடங்குக் குறி என்றே நினைத்தார்கள்.

2011இல் ஒரு குழு, மனிதர் குதிரையைப் பழக்குவதற்கு முந்திய காலத்து எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துச் சோதித்தது. 31 குதிரைகளில் ஆறில் எல்.பி. வடிவம் கிடைத்தது, அவற்றில் நான்கு பனியுகக் குதிரைகள். குகை ஓவியர் கண்ணால் கண்ட குதிரைகளிலும் புள்ளி இருந்திருக்கிறது என்றாகிவிட்டது. லாயமும் கடிவாளமும் பதிவேடும் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புள்ளி இருந்தது. பிறகு மனிதர் வளர்த்த குதிரைகளில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அது பல கூட்டங்களுக்குள் நுழைந்தது. இன்று உலகில் எங்கே சிறுத்தைப் புள்ளிக் குதிரையைக் கண்டாலும் அதற்குள் அதே 1,378 எழுத்துத் துணுக்குதான் இருக்கிறது. ஆனால் அந்தக் குதிரைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல.

நிறத்துக்கு வேலி போட்டவர்கள்

நிறத்தை இனமாக்க முடியுமா என்று சிலர் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

டென்மார்க்கில் நாப்ஸ்ட்ரப் பண்ணையில் 1812இல் ஒரு புள்ளிப் பெண் குதிரை வந்து சேர்ந்தது. முன்பு வைத்திருந்த கசாப்புக்காரரின் பெயரால் அதை ஃப்ளேபேயின் குதிரை என்று அழைத்தார்கள். அதன் சந்ததியிலிருந்து நாப்ஸ்ட்ரப்பர் என்ற இனம் கிளைத்தது. புள்ளிக்காகவே புகழ் பெற்ற இனம். ஆனால் சிறிய கூட்டத்துக்குள்ளேயே புள்ளியைத் தேடித் தேடிச் சேர்த்ததில் உறவுக்குள் உறவு கலந்து இனம் நலிந்தது. வெளி ரத்தம் சேர்த்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் புள்ளியே இல்லாத நாப்ஸ்ட்ரப்பர்கள் பிறக்கின்றன. தாய் தகப்பன் பதிவில் இருப்பதால் அவையும் நாப்ஸ்ட்ரப்பர்தான்.

அமெரிக்காவின் அப்பலூசா, நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் வளர்த்த குதிரைகளிலிருந்து வந்தது. 1877இல் அமெரிக்கப் படைக்கும் அவர்களுக்கும் நடந்த போரின் முடிவில் குதிரைகள் பறிபோய்ச் சிதறின. 1938இல் சில ஆர்வலர்கள் அப்பலூசா குதிரைச் சங்கம் தொடங்கி மிச்சத்தைத் திரட்டினார்கள். கூட்டம் சிறியதாக இருந்ததால் அரபி, தரோப்ரெட், குவார்ட்டர் குதிரைகளோடு கலக்க இடம் கொடுத்தார்கள். உடல்வாகு மாறியது, புள்ளி தங்கியது. புள்ளி இல்லாமல் பிறந்தாலும் பெற்றோரை நிரூபித்தால் அங்கே பதிவு உண்டு. புள்ளி விழாத குதிரையிலும் தோலில் கலங்கல் நிறம், குளம்பில் நெடுக்குக் கோடு, கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் ஆகியவற்றைத் தேடுவார்கள்.

திட்டுக் குதிரைகளில் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் பெயின்ட் என்பது இனம், பின்டோ என்பது நிறம். பெயின்ட் பதிவேட்டில் சேர வேண்டுமானால் பெற்றோர் பெயின்ட், குவார்ட்டர், தரோப்ரெட் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பின்டோ பதிவேடு குதிரையின் தோலைப் பார்க்கிறது. வேறு பல இனங்களின் திட்டுக் குதிரைகளும் அதில் சேரலாம். பக்கத்துப் பக்கத்து லாயத்தில் நிற்கும் இரண்டு குதிரைகள் ஒரே மாதிரித் திட்டோடு இருக்கலாம். ஒன்று இனத்தின் பெயரால் பதிவாகியிருக்கும், மற்றொன்று நிறத்தின் பெயரால்.

ஆக, 'புள்ளிக் குதிரை இனமா, நிறமா' என்று கேட்டால் குதிரையைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தியூர்ச் சந்தையில் வெள்ளைக் குதிரை

நம் ஊரில் இந்தக் குழப்பத்தை நேரில் பார்க்க ஆடி மாதம் அந்தியூர் போக வேண்டும். குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் குதிரைகளுக்கென்றே கூட்டம் சேரும். மார்வார், கத்தியவார், நொக்ரா என்று இனம் சொல்லி விலை பேசுவார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன.

மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் காதைப் பார்த்தால் போதும். நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். அந்தக் காது கறுப்புக் குதிரைக்கும் உண்டு, செம்பட்டைக்கும் உண்டு, திட்டுப் போட்ட அப்லக்குக்கும் உண்டு. நிறம் எதுவானாலும் இனம் மாறாது. நொக்ரா அப்படியில்லை. பால் வெள்ளை முடி, அடியில் இளஞ்சிவப்புத் தோல். அதுதான் அதன் அடையாளம். பஞ்சாபில் பெரிதும் விரும்பி வளர்க்கிறார்கள், கல்யாண ஊர்வலத்துக்கு நல்ல கிராக்கி. ஆனால் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் பதிவு செய்த குதிரை இனங்களில் மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி எல்லாம் உண்டு, நொக்ரா கிடையாது. சந்தை ஒரு நிறத்துக்கு இனம் என்று பெயர் வைத்துவிட்டது. அப்படி வைப்பது குற்றம் இல்லை. ஆனால் வெள்ளைத் தோலுக்குக் கொடுக்கும் விலையில் உயரமோ ஓட்டமோ குணமோ சேர்ந்து வரும் என்று நினைத்தால் ஏமாற நேரும்.

சிவகங்கைச் சீமையின் மாடுகள்

குதிரைக்குப் பதிவேடு வெளியூர்ச் சரக்கு என்றால், மாட்டுக்குச் சிவகங்கை மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நின்று, 'என்ன மாடுண்ணே இது?' என்று கேட்டுப் பாருங்கள். 'காரி', 'செவலை', 'மயிலை', 'கருமறை' என்று நிறத்தில் ஒரு பதில் வரும். 'புலிக்குளம்' என்றும் ஒரு பதில் வரும். இரண்டும் ஒரே மாட்டுக்கான சரியான பதில்கள். முல்லைக்கலி பாடிய காலத்திலேயே ஏறுகளை நிறமும் புள்ளியும் சொல்லித்தான் அடையாளம் காட்டினார்கள். பொட்டலில் பாயும் காளையைத் தூரத்திலிருந்து சுட்ட வேறு என்ன வழி?

மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் கிராமத்தின் பெயரைக் கொண்ட இந்த இனம் தொழுவத்து மாடு அல்ல, கிடை மாடு. அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போட்டு, சாணமும் மூத்திரமும் உரமாக விழ, அதற்குக் கூலி வாங்கி, அடுத்த வயலுக்கு நகரும் மந்தை. நூற்றுக்கணக்கான மாடுகள் வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் கிடக்கும். நோய் தாங்குவது, நெடுந்தூரம் நடப்பது, அந்நியரைக் கண்டால் சீறுவது ஆகிய குணங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுத்தது இந்தக் கிடை வாழ்க்கைதான்.

நிறத்துக்கு வருவோம். பருவம் வந்த புலிக்குளம் காளை கருஞ்சாம்பல். பசுவோ வெள்ளை அல்லது வெளிர்சாம்பல். நிறம்தான் இனம் என்றால் ஒரே கிடையில் கணவனும் மனைவியும் வெவ்வேறு இனம் ஆகிவிடுவார்கள். காங்கேயத்தில் இதையே இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறு மாதம் கடந்தால் சாம்பலுக்கு மாறும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் தொடையும் கறுக்கும். அதே காளையைக் காயடித்து எருதாக்கினால் கறுப்பு வெளுத்துப்போகும். கறுப்பை ஏற்றுவது ஆண் சுரப்பு. ஒரே உயிருக்கு ஒரே ஆயுளில் மூன்று நிறம்! உம்பளச்சேரிக் கன்றும் சிவப்பாகப் பிறந்து சாம்பலாகும். ஆனால் நெற்றிச் சுட்டியும் காலில் வெள்ளையும் மாறாமல் நிற்கும்.

இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பது ஈரோடு மாவட்ட மலைமேல் இருக்கும் பர்கூர் மாடு. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள். பர்கூர்ச் செம்மறை என்றே சொல்வார்கள். இங்கே திட்டு இனத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஆனால் முழுச் செவலையாகவோ முழு வெள்ளையாகவோ பிறக்கும் பர்கூர் மாடும் உண்டு. அதே மலையில், அதே பட்டியில், அதே தாய்க்குப் பிறந்த கன்றை இனத்தை விட்டுத் தள்ளி வைக்க எந்த மாட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார்.

ஆடும் நாயும் சொல்வது

ஆடுகளில் நிறம் உள்வகையைக் குறிக்கிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கொடி ஆடு நெடிய, மெலிந்த உடம்புக்காரி. வெள்ளையில் கறுப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. கன்னி ஆடு கறுப்பு. முகத்திலும் காலிலும் வெள்ளைக் கோடு விழுந்தால் பால்கன்னி, சிவப்புக் கோடு விழுந்தால் செங்கன்னி. கோடு மாறினாலும் இரண்டும் கன்னிதான். மேய்ப்பவர்கள் இனத்துக்கு ஒரு பெயர், நிறத்துக்கு ஒரு பெயர் என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். பதிவேடு இல்லாமலே இந்தப் பிரிவினையை அவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

நாய்களில்தான் வழக்கு முடியவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே இனமா, இரண்டா? இரண்டும் தென்மாவட்டத்து வேட்டை நாய்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மூக்கு. வளர்ப்பவர்களில் ஒரு சாரார், கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் காலிலும் செம்பழுப்பு விழுந்தால் கன்னி, மற்ற நிறமெல்லாம் சிப்பிப்பாறை என்பார்கள். இன்னொரு சாரார் உடற்கட்டிலும் வேறுபாடு உண்டு என்று வாதிடுவார்கள். மரபியல் இங்கே ஒரு சங்கடத்தைப் போட்டு உடைக்கிறது. நாய்களில் கறுப்பும் செம்பழுப்பும் சேர்ந்த இந்த நிறம் ஒடுங்கு பண்பு; சாம்பல் கலந்த மஞ்சள் நிறம் அதன் மேல் ஓங்கி நிற்கும். ஆகவே ஒளிந்திருக்கும் படியைச் சுமக்கும் இரண்டு மஞ்சள் நாய்களைச் சேர்த்தால் ஒரே ஈற்றில் மஞ்சள் குட்டியும் கறுப்பு-செம்பழுப்புக் குட்டியும் பிறக்கலாம். நிறத்தை வைத்து மட்டும் பிரித்தால் கூடப்பிறந்தவை இரண்டு இனமாகிவிடும். தேசியப் பணியகம் 2020இல் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம்பெற்றன.

நிறத்துக்குக் கொடுக்கும் விலை

நிறம் வெறும் தோல் சமாச்சாரம், ஆசைக்கு வளர்த்தால் என்ன நட்டம் என்று தோன்றலாம். சிறுத்தைப் புள்ளி மரபணு தோலில் மட்டும் வேலை செய்வதில்லை. மங்கிய வெளிச்சத்தின் செய்தியைக் கடத்தும் விழித்திரைச் செல்களுக்கும் அதே டி.ஆர்.பி.எம்.1 வேண்டும். எல்.பி. இரண்டு படியும் சேர்ந்த குதிரைக்குப் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் நன்றாகப் பார்க்கும், இருட்டினால் தடுமாறும். திட்டுகளில் ஃப்ரேம் என்ற வகைக்குக் காரணமான மரபணு இரண்டு படியாகச் சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறந்து, குடலில் நரம்புச் செல்கள் இல்லாமல் சில நாட்களில் செத்துப்போகும். நிறச் செல்லும் குடல் நரம்புச் செல்லும் கருவில் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை என்பதால் இந்த விபரீதம். வெள்ளைக்காகவே தேர்ந்தெடுத்த ராஜபாளையம் நாய்களில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் இதே வழிதான். உட்காதுக்கும் நிறச் செல்கள் தேவை.

இந்த அறிவு நமக்கு எங்கே பயன்படும்? பதிவேடு என்பது தாய் தகப்பன் பெயரை எழுதுகிற புத்தகம். கிடை மாட்டுக்கு அப்படியொரு புத்தகம் கிடையாது. மந்தைக்காரரின் நினைவுதான் புத்தகம்: எந்தப் பசுவின் கன்று எது, எந்தக் காளையைப் பொலிக்கு விட்டோம், எதை விற்றோம். மஞ்சுவிரட்டுக்குக் கன்று தேடி வருகிறவர் கிடையிலிருந்து ஆண் கன்றை வாங்கிப் போகிறார். பொட்டலில் கைதட்டு வாங்குவது அந்தக் காளை. ஆனால் இனத்தைச் சுமப்பது, யாரும் திரும்பிப் பார்க்காமல் வயலில் கிடக்கும் அந்த வெள்ளைப் பசுக்கள்.

2017இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டுக்காகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது முன்வைத்த காரணங்களில் நாட்டு மாட்டினங்களைக் காப்பதும் ஒன்று. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. விளையாட்டு நிலைத்துவிட்டது. காளையின் நிறமும் திமிலும் கொம்பும் கண்ணுக்கு விருந்தாகத் தொடரும். இனம் தொடர வேண்டுமானால் கிடை போட வயல் வேண்டும், மேய்ச்சலுக்குக் கண்மாய்க்கரையும் காடும் வேண்டும், மந்தையோடு நடக்க அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒருவன் வேண்டும். ரசாயன உரமும் வேலியிட்ட மனைகளும் பெருகி இவை மூன்றும் அருகினால், காரிக்காளை எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைக்கும். புலிக்குளம் என்று அதைக் கூப்பிட்டால் அது வெறும் நிறத்தின் பெயராகத்தான் இருக்கும்.